கடலூர், புதுவை மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறை

முதுநிலைப் படிப்புக்கான திட்டத்தை ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் பருவ முடிவு வந்த பின் விசாரிக்கத் தொடங்குகிறவருக்கு அரசு கலைக் கல்லூரிகளும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் திறந்திருக்கலாமே தவிர, தேசிய நுழைவுத்தேர்வு வழியாக நிரப்பப்படும் இடங்களுக்கான கதவு அதற்குள் மூடப்பட்டிருக்கும்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்குச் செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம் பெறப்படுகிறது. தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். காலாப்பட்டில் இயங்கும் புதுவைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பி.ஜி. தேர்வு அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடந்து வருகிறது. இதில் பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு: கியூட் எழுதினாலே புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்ததாகிவிடாது, அப்பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்திலும் தனியாகப் பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும்.

இந்தத் தேர்வுகளுக்கான விண்ணப்பக் காலத்தின் ஒரு பகுதி நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால், கடைசி நாளை நம்பியிருப்பது இங்கே கூடுதல் ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ்களில் அதிகக் கவனம் கோருவது இட ஒதுக்கீட்டுச் சான்றே. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் 27 விழுக்காடு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டுக்குப் போதாது, உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்த பிரிவில் வராதவர் என்பதை உறுதிப்படுத்தும் மத்திய அரசுப் படிவத்திலான சான்றை இ-சேவை மையம் வழியாகத் தனியே பெற வேண்டும். எந்தத் தேதிக்குப் பின் வழங்கப்பட்ட சான்று ஏற்கப்படும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் படித்துவிட்டு விண்ணப்பிப்பது, இரண்டாம் முறை தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதைத் தவிர்க்கும்.

வெளிநாட்டை எண்ணுவோர் முதலில் தங்கள் பட்டத்தின் கால அளவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்காண்டு இளநிலைப் பட்டத்தைக் கேட்பதால், மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர் இங்கேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவது பெரும்பாலும் எளிது. ஜெர்மனிக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்று தேவை, அதற்குச் சில மாதங்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்பதை விளக்கி விண்ணப்பத்துடன் அனுப்பும், எஸ்.ஓ.பி. எனப்படும் நோக்க உரையில்தான் நம் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். "சிறு வயது முதலே வேதியியலில் எனக்கு ஆர்வம்" என்று தொடங்கும் உரை எந்தப் பேராசிரியருக்கும் எதையும் சொல்வதில்லை. கடலூர் சிப்காட் வளாகத்தை அடுத்த கிணறுகளின் நீரில் குளோரைடு அளவைக் கண்டறிய இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்தவர், எந்த முறையைக் கையாண்டார், முடிவு எங்கே ஐயத்துக்கு இடம் தந்தது, அதைத் தீர்க்க எந்தக் கருவியையோ கோட்பாட்டையோ கற்க வேண்டியிருக்கிறது என்று எழுதினால், அத்துறையில் அவர் சேர விரும்பும் காரணம் தானாகவே விளங்கிவிடும். செயல்திட்டமே இல்லாதவர் செய்முறை வகுப்பில் எதிர்பார்த்தபடி வராத ஒரு சோதனையைப் பற்றியும் இவ்வாறே எழுதலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரி உரைகளைத் தழுவி எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே வார்ப்பில் வரும் உரைகள் படிப்பவர் கண்ணில் உடனே பட்டுவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரைத்தான் அணுக வேண்டும் என்றில்லை. உங்கள் செயல்திட்டத்தை நேரில் கண்காணித்த உதவிப் பேராசிரியரின் கடிதம் அதிகம் பயன்படும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே மதிப்பெண் பட்டியலையும் நோக்க உரையின் வரைவையும் கடிதம் தரும் ஆசிரியரிடம் கொடுத்து, எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தேதிக்குள் கடிதம் போக வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள்.

முடிவுகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. மாநிலக் கல்லூரி ஒன்றில் மாற்றுச் சான்றிதழை ஒப்படைத்துச் சேர்ந்த பிறகு மத்தியப் பல்கலைக்கழக இடம் கிடைக்கலாம். ஆகவே சேரும் அன்றே, விலகினால் மூலச் சான்றிதழ்களும் கட்டணமும் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டு, எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.