லோயிஸ் லேனை சூப்பர்ஹீரோவா மாத்தி வரையறது எப்படி

1938ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழோட அட்டைப்படத்தைப் பார்க்காதவங்க ரொம்பக் குறைவு, சூப்பர்மேன் ஒரு காரை அப்படியே தூக்கிப் பாறைல மோதிட்டு இருப்பார், ஆளுங்க அலறி அடிச்சு ஓடுவாங்க. அந்தக் கார்ல கடத்திட்டுப் போனது லோயிஸ் லேனைத்தான், சூப்பர்மேன் கதைகள்ல வர்ற பத்திரிகை ரிப்போர்ட்டர். டான்ஸ் ஹால்ல பட்ச்னு ஒரு ரவுடி வந்து வம்பு பண்றான், கிளார்க் கென்ட் (சூப்பர்மேனோட சாதாரண வேஷம், அவளோட அதே பத்திரிகைல ரிப்போர்ட்டர்) பயந்தவர் மாதிரி நடிச்சு ஒதுங்கிக்கறார், லோயிஸ் அவன் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு கிளம்பிடறா, அந்தக் கோவத்துலதான் துரத்திட்டு வந்து தூக்கிட்டுப் போறானுங்க. ஒரு பவரும் இல்லாம அந்த ராத்திரி முதல்ல எதிர்த்து நின்னவ அவ, ஆனா அட்டைல அவ இல்லவே இல்ல. எனக்கு அவளை சூப்பர்ஹீரோவா வரையணும்னு தோணினது இந்த ஒரு விஷயத்தாலதான்.

நீங்களும் இப்படி ஒரு பழைய துணைக் கதாபாத்திரத்தை எடுத்து வரையறதா இருந்தா, பென்சிலை எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க வர்ற பழைய கதைகளைப் படிங்க, ஹீரோவை விட்டுட்டு அவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் பார்த்துப் படிங்க. ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க, என்ன வேலை பார்க்கறாங்க, எதுக்குக் கோவப்படறாங்க, மத்தவங்க வேணாம்னு சொன்ன எதைச் செஞ்சாங்கன்னு. நான் லோயிஸுக்கு அப்படிப் பண்ணினப்ப நோட்டோட முதல் பக்கத்துலயே ஒண்ணு கிடைச்சுது, அதே முதல் கதைல கிளார்க் கிட்ட அவ சலிச்சுக்கறா, நாள் பூரா அழுமூஞ்சிக் கதையா எழுதிட்டு இருக்கேன்னு. அந்தக் காலத்துப் பத்திரிகைல பொண்ணுங்களுக்குக் கொடுக்கற வேலை அதுதான், பெரிய செய்தியெல்லாம் ஆம்பளைங்களுக்கு. அவளுக்கு வேண்டியது அந்தப் பெரிய செய்தி. ஆபத்துக்குள்ள போய் விழறாள்னு நாம கிண்டல் பண்ற நிறைய இடம் அவ செய்தி தேடிப் போன இடம்.

அடுத்தது பவர். இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க, நானும் சறுக்கினேன். என்னோட முதல் ஸ்கெட்ச்ல அவளுக்குப் பறக்கற சக்தி, நீல டிரஸ், முதுகுல பறக்கற சிவப்பு கேப், எல்லாம் வச்சு ஆசையா முடிச்சு அக்கா கிட்ட காட்டினேன், அவ பார்த்துட்டு "நல்லா இருக்குடா, சூப்பர்மேனோட தங்கச்சியா?"ன்னு கேட்டா. அன்னிக்கே அதை ஓரமா வச்சுட்டேன். ஹீரோவோட பவரைக் கடன் வாங்கிக் கொடுத்தா அவங்க இன்னும் கொஞ்சம் சின்ன ஹீரோவாதான் தெரிவாங்க. காமிக்ஸ்லயே இது நடந்திருக்கு, 1943ல ஒரு கதைல லோயிஸ் விபத்துல அடிபட்டு சூப்பர்மேன் ரத்தம் ஏத்தினதும் அவளுக்கும் பவர் வந்து சூப்பர்வுமன் ஆயிடறா, கடைசில பார்த்தா மொத்தமும் கனவு. கடன் வாங்கின பவர்னா திருப்பிக் கொடுத்துத்தானே ஆகணும்.

சரியா பண்ணினதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஜேன் ஃபாஸ்டர். மாயச் சுத்தியல் வச்சிருக்கற ஹீரோ தோரோட கதைக்குள்ள 1962ல நர்ஸா வந்தவ, 2014ல அவளே சுத்தியலைத் தூக்கி தோர் ஆனா. அப்ப அவளுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ போயிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவை தோரா மாறும்போதும் அந்த மாயம் உடம்புல இருக்கற விஷத்தையெல்லாம் வெளியேத்திடும், கீமோ மருந்தையும் விஷம்னு எடுத்துடும், ஆனா கேன்சர் செல் அவ உடம்போட செல்லாச்சே, அது மட்டும் அப்படியே இருக்கும். ஊரைக் காப்பாத்தப் போகும்போதெல்லாம் அவ சிகிச்சை வீணாப் போகுது. நர்ஸா இருந்து மருந்தோட அருமை தெரிஞ்சவ, தெரிஞ்சே சுத்தியலைத் தூக்கறா. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அதனால பவரை யோசிக்கும்போது அவங்க வேலைலேருந்து ஆரம்பிங்க, அந்த வேலையோட முக்கியமான ஒண்ணை அந்த பவரே பறிக்கற மாதிரி வைங்க. ரிப்போர்ட்டருக்கு என்ன வேணும்? நடந்த இடத்துல என்ன பேசினாங்கன்னு தெரியணும். நான் கொடுத்தது இது, ஒரு சுவரையோ மேஜையையோ உள்ளங்கையால தொட்டா, கடந்த ஒரு நாளுக்குள்ள அங்க பேசின பேச்சு அவளுக்குக் கேட்கும். ஆனா கேட்டுட்டு இருக்கற நேரம் இப்ப நடக்கற சத்தம் எதுவும் காதுல விழாது, பின்னாடி ஒருத்தன் கத்தியோட வந்தாலும் தெரியாது. இன்னொண்ணு, கேட்டதை அவளால அச்சுல போட முடியாது. யார் சொன்னாங்கன்னு ஆசிரியர் பெர்ரி ஒயிட் கேட்டா சுவர் சொல்லுச்சுன்னு சொல்ல முடியுமா? ஆக பவர் இருந்தும் அவ பழையபடி தெருத்தெருவா அலையணும், கதவைத் தட்டணும், பேச பயப்படற ஒருத்தரை உட்கார வச்சுப் பேச வைக்கணும். பவர் துப்பு கொடுக்கும், செய்தியை அவதான் கொண்டு வரணும். இப்படி வச்சதும் பக்கத்து சீட் கிளார்க் கூட அழகா செட் ஆயிட்டார், அவருக்கு ஊர் முழுக்க இப்ப என்ன சத்தம்னு கேட்கும், இவளுக்கு நேத்து என்னன்னு கேட்கும்.

டிரஸ்ஸுக்கு ஒரு சோதனை இருக்கு, வரைஞ்சதை மொத்தமா கருப்பு மையால நிரப்பிப் பாருங்க, வெறும் நிழலா பார்த்தாலே இவங்கதான்னு தெரியணும். 2014ல ஸ்பைடர்மேனோட காதலி க்வென் ஸ்டேசியை சிலந்திப் பெண்ணா மாத்தினப்ப போட்ட அந்த வெள்ளை ஹூட் அப்படித்தான், 1973ல பாலத்துல செத்துப்போன பொண்ணா மட்டும் ஞாபகத்துல இருந்தவளை ஹூடை வச்சே யாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. லோயிஸுக்கு நான் கேப் வைக்கல, நீளமான கோட், தட்டையான ஷூ, கொண்டைல சொருகின பென்சில், ஒரு கைல மட்டும் க்ளவுஸ் (தொடற கை வெறுங்கையா இருக்கணும்). கலர் நியூஸ்பேப்பர் மாதிரி கருப்பு வெள்ளை சாம்பல்தான், கூட ஒரே ஒரு நீலம். பத்திரிகை ஆசிரியர்கள் திருத்தம் போட்டது நீலப் பென்சில்ல, காமிக்ஸ் ஓவியர்களும் முதல் கோடு வெளிர் நீலத்துல போடுவாங்க, அச்சுக்குப் படம் எடுக்கும்போது அந்த நீலம் விழாது. ரெண்டு தொழிலுக்கும் பொதுவான கலர், எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

ஒரு விஷயம் சுருக்கமா, இதை வரைஞ்சு பழகுங்க, நண்பர்களுக்குக் காட்டுங்க, ஆனா விக்காதீங்க, லோயிஸ் இன்னும் டிசி கம்பெனியோட சொத்து. அந்த 1938 கதைக்கு அமெரிக்கால காப்பிரைட் முடியறது 2034 ஜனவரி 1 அன்னிக்குத்தான். புத்தகமா போடணும்னா பேரு, ஊரு, பத்திரிகை எல்லாத்தையும் மாத்தி உங்க சொந்த ரிப்போர்ட்டரா ஆக்கிடுங்க.

கடைசியா, பத்து பக்கக் கதைக்குப் போகாம ஒரே ஒரு பக்கம் வரைங்க, ஆறு பேனல் (படக் கட்டம்) போதும். என்னோடது அதே டான்ஸ் ஹால், மறுநாள் காலைல. நாற்காலியெல்லாம் மேஜை மேல கவுத்து வச்சிருக்கு, வயசான ஒரு அம்மா தரை துடைச்சுட்டு இருக்காங்க. ரெண்டாவது பேனல்ல லோயிஸ் மேஜைல கை வைக்கறா, நேத்து ராத்திரிப் பேச்செல்லாம் நீலக் கோடு போட்ட பேச்சு பலூன்ல வருது. மூணாவதுலயும் நாலாவதுலயும் கதவு திறக்குது, வாளி கவிழுது, அந்த அம்மா ஏதோ கத்தறாங்க, ஆனா அவங்க பலூன் காலியா இருக்கும், ஒரு எழுத்து கிடையாது, ஏன்னா லோயிஸுக்குக் கேட்கல. அஞ்சாவதுல கையை எடுக்கறா, அத்தனை சத்தமும் கருப்பு எழுத்துல ஒண்ணா வந்து விழுது, உள்ள வந்தவன் ரெண்டடி தூரத்துல நிக்கறான். அவனை எப்படிச் சமாளிச்சாள்னு நான் வரையல. ஆறாவது பேனல்ல அவன் கீழ கிடக்கறான், லோயிஸ் கவிழ்ந்த வாளியை நிமித்தி வச்சுட்டு அதே ஈரத்தரைல அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கா, பென்சில் கொண்டைலேருந்து கைக்கு வந்தாச்சு, "நேத்து ராத்திரி நீங்க இங்கதான் வேலைல இருந்தீங்களாம்மா?"