'படம் எப்படி?' என்று கேட்டால் என்ன சொல்வது

படம் முடிந்ததும் முதல் வேலையாக மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்காதீர்கள். உங்கள் அபிப்பிராயம் சூடாக இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கைபேசியில் நாலு வரி தட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைப்பது முழு வாக்கியமாகக்கூட இருக்காது. 'கத்தி, மேசை', 'மின்விசிறி, சுவிட்ச்', 'ஜலதோஷக்காரர்' என்கிற ரகம்தான். மறுநாள் எடுத்துப் பார்த்தால் படமே கண் முன்னால் வந்து நிற்கும். 'அருமையான திரைக்கதை' என்று குறித்து வைத்தால் ஒன்றும் வராது. அது எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

முறையாக விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அக்காவோ, கூட வேலை பார்ப்பவரோ, "அந்தப் படம் பார்த்தியாமே, எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள் அல்லவா, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. என் மச்சான் இதற்கு ஒரு பதிலை நிரந்தரமாகவே வைத்திருக்கிறார்: "ஒரு தடவை பார்க்கலாம்." பேய்ப் படம், காதல் படம், போர்ப் படம், எதுவானாலும் அதே பதில்தான். கேட்டவருக்கு அதிலிருந்து ஒரு தகவலும் கிடைக்காது. மச்சான் உயிரோடு திரும்பி வந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

முதலில், கேட்கிறவர் யார் என்று பாருங்கள். என் சித்தி எந்தப் படத்துக்கும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "யாராவது சாவாங்களாடா?" அவரிடம் போய் ஒளிப்பதிவைப் பற்றிச் சொல்லி என்ன பிரயோஜனம்? "ஆமா சித்தி, ஒரு சாவு இருக்கு, ஆனா ஆரம்பத்துலயே முடிஞ்சிடும், அப்புறம் ஒண்ணும் இல்லை" என்றால் அவர் தைரியமாகப் போய் உட்காருவார். நாய் சாகிற படம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர் பக்கத்திலேயே போகமாட்டார். சின்னப் பிள்ளைகளோடு போகிறவருக்கு ரத்தம் எவ்வளவு, திடீர் அலறல் உண்டா, படம் எத்தனை மணி நேரம் என்பவை தெரிந்தால் போதும். இன்னொருவருக்கு, தியேட்டருக்கே போக வேண்டுமா, வீட்டுத் திரைக்கு வரும் வரை காத்திருக்கலாமா என்பதுதான் கவலை. கதை நன்றாக இருக்கிறதா என்று இவர்களில் யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா?

அப்புறம், பார்க்கலாமா வேண்டாமா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பலர் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கதைச் சுருக்கத்தில் தொடங்கி நடிகர் பட்டியல் வரைக்கும் போய்விடுகிறார்கள். கேட்டவர் அதற்குள் வேறு பேச்சுக்கு மாறியிருப்பார்.

முடிவைச் சொன்னதும், அதற்குச் சாட்சியாக ஒரே ஒரு காட்சி. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். சமீபத்தில் '12 ஆங்ரி மென்' பார்த்தேன். சிட்னி லூமெட் இயக்கத்தில் 1957-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், 96 நிமிஷம். ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஒரே அறைக்குள் உட்கார்ந்து வாதாடுவதுதான் கிட்டத்தட்ட முழுப் படமும். இதைப் பற்றி வழக்கமாக வருகிற அபிப்பிராயம் இப்படி இருக்கும்:

"செம படம். ஒரே ரூம்ல எடுத்திருக்காங்க, ஆனா போரே அடிக்கலை. நடிப்பு வேற லெவல். மிஸ் பண்ணிடாதீங்க."

பொய் ஒன்றும் இல்லைதான். ஆனால் படத்தையே பார்க்காதவர்கூட இதைச் சொல்லிவிடலாம். நான் சொன்னது இது:

"கட்டாயம் பார். முதல் ஓட்டெடுப்பிலேயே பதினோரு பேர் 'குற்றவாளி'ன்னு கை தூக்கிடறாங்க, ஒருத்தர் மட்டும் 'கொஞ்சம் பேசிப் பார்ப்போமே'ங்கிறார். கொலைக்குப் பயன்பட்ட கத்தி மாதிரி இன்னொரு கத்தி அதை வித்த கடைக்காரரே பார்த்ததில்லைன்னு ஒருத்தர் அடிச்சுப் பேசிட்டிருக்கார். 'பேசிப் பார்ப்போமே'ன்ன அந்த ஆள் மெதுவா எழுந்து, தன் பாக்கெட்டிலேர்ந்து அச்சு அசல் அதே மாதிரி ஒரு கத்தியை எடுத்து மேசையிலே குத்தறார். அதுக்கப்புறம் நான் நகரலை. ஆனா ஒண்ணு, படம் முழுக்கப் பேச்சுதான். பேச்சு பிடிக்காதவங்களுக்கு ஒத்துவராது. அந்த நல்ல மனுஷன் கொஞ்சம்கூடத் தடுமாறாம இருக்கிறது எனக்கு லேசா உறுத்துச்சு."

நீளம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் முடிவு, காட்சி, யாருக்கு ஒத்துவராது, என் குறை என நாலும் அதில் வந்துவிட்டது. கத்தி மேசையில் நிற்பதைக் கேட்டவரே பார்த்துவிட்டார். இனி அவருக்குப் பிடிக்குமா என்று அவரே முடிவு செய்துகொள்வார். உங்கள் ரசனைக்கும் அவருடைய ரசனைக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

குறை சொல்வதைத் தவிர்க்காதீர்கள். பிடித்த படத்தில் ஒரு குறையும், பிடிக்காத படத்தில் ஒரு நல்லதும் சொல்லிப் பழகினால், மூன்றாவது படத்திலிருந்து உங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வரும். இந்தப் படத்தில் ஓடாத மின்விசிறி ஒன்று இருக்கிறது. இருட்டியதும் ஒருவர் விளக்கைப் போடுகிறார், கூடவே அதுவும் சுழல ஆரம்பிக்கிறது; இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். இந்த மாதிரிச் சில்லறை விஷயம் ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டால் அதையும் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்குப் பெரிய பாராட்டுகளைவிட இதுதான் நினைவில் நிற்கிறது.

தொழில்நுட்பம் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. '12 ஆங்ரி மென்' பார்த்துவிட்டு, "போகப் போக அந்த அறை சின்னதாகிற மாதிரி இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், இயக்குநர் செய்த வேலையை அவர் பிடித்துவிட்டார் என்று பொருள். லூமெட் படத்தின் முதல் பகுதியைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப் பகுதியைக் கண் மட்டத்திலும், கடைசிப் பகுதியைக் கீழிருந்தும் எடுத்தார். லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போனார். அதனால் சுவர்கள் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும், கடைசியில் கூரையும் தெரிய ஆரம்பிக்கும். இதெல்லாம் தெரியாமல் "மூச்சு முட்டுச்சு" என்று மட்டும் சொன்னாலும் அது முழு அபிப்பிராயம்தான். லென்ஸ் கணக்கு தெரிந்தும் மூச்சு முட்டவில்லை என்றால் சொல்ல என்ன இருக்கிறது?

இதற்கு நேரெதிராக, "எடிட்டிங் சரியில்லை", "டைரக்டர் கோட்டை விட்டுட்டார்" என்று ஆளைக் குறிவைத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டி எறிந்தது என்ன என்று நமக்குத் தெரியாது. நடிப்பு விஷயத்திலும் அப்படித்தான். ரஷ்ய இயக்குநர் லெவ் குலேஷோவ் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒரு தடவை, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவை என்று ஒட்டிக் காட்டினார். முகம் மாறவே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் பசியையும் சோகத்தையும் என்னமாய்க் காட்டியிருக்கிறார் என்று நடிகரைப் பாராட்டியதாக அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். அதனால் யார் பொறுப்பு என்று தீர்ப்பளிக்காமல், உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு தடவை மணி பார்த்தேன்" என்பது யாரும் மறுக்க முடியாத வாக்கியம்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? நான் வைத்திருக்கும் எல்லை, முதல் அரை மணி நேரம். அதற்குள் நடப்பதெல்லாம் பொதுச் சொத்து, அதற்கு அப்பால் நடப்பதைத் தொடுவதில்லை. எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) நல்ல உதாரணம். பாட்டே இல்லாத தமிழ்ப் படம். சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாவதோடுதான் படமே தொடங்குகிறது. "ஹீரோவை முதல்லயே கொன்னுடறாங்க, ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க" என்று தாராளமாகச் சொல்லலாம். பார்க்கத் தூண்டுவதே அதுதான். சுட்டது யார் என்று சொல்வதுதான் துரோகம். 'சைக்கோ' 1960-ல் வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் ஏற்பாடு செய்தார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். இன்னொன்று, "கிளைமாக்ஸ்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்லமாட்டேன்" என்பதும் காட்டிக் கொடுப்பதுதான். கேட்டவர் கடைசி வரை அதையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாவது காட்சியில் வரும் வேலைக்காரர்மீதுகூடச் சந்தேகப்படுவார்.

நட்சத்திரம், மார்க் இவற்றை நான் கொடுப்பதில்லை. கொடுப்பவர்களைத் தடுக்கவும் மாட்டேன். ஆனால் அடுத்தவர் போட்ட எண்ணைச் சொல்லி வாதாடும்போது, அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 90 சதவீதம் என்றால் படம் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியது என்று அர்த்தம் இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் மொத்தத்தில் நல்லவிதமாக எழுதினார்கள் என்று அர்த்தம். எல்லோரும் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று எழுதினாலும் 100 வரும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் திட்டித் தீர்த்த படம் 50-ல் நிற்கும். எனக்கு எப்போதும் அந்த 50-ஐத்தான் பார்க்கத் தோன்றும். ஐ.எம்.டி.பி. என்கிற சினிமா இணையதளத்தின் எண் வேறு கணக்கு. அது பார்வையாளர்கள் பத்துக்கு இத்தனை என்று போட்ட ஓட்டுகளிலிருந்து, எல்லா ஓட்டையும் ஒரே எடையாக வைக்காமல் எடுக்கிற சராசரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்த்ததா, இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்ததா, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியதா? ஒன்றரை மடங்கில் பார்த்துவிட்டு "படம் ரொம்ப அவசரமா போகுது" என்பவரை என்ன செய்வது! வசனம் கேட்கவில்லை என்கிற புகாரும் பல நேரம் வீட்டுக் கதைதான். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், கூட ஒரு பாஸ் ஸ்பீக்கர்) பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாக வரும். டி.வி. அதை இரண்டு ஸ்பீக்கருக்குள் அமுக்கும்போது இசையும் வெடிச் சத்தமும் பேச்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இயக்குநரைத் திட்டுவதற்கு முன்னால் டி.வி.யின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' தேர்ந்தெடுத்துப் பாருங்கள், சில சமயம் சரியாகிவிடும்.

ஆறப்போடுவது பற்றியும் கொஞ்சம். ஒரு அனுபவத்தை நாம் அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான் பெரும்பாலும் எடை போடுகிறோம் என்று உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியிருக்கிறார். சினிமாவில் இது அப்பட்டமாகத் தெரியும். கடைசிப் பத்து நிமிஷம் கலங்கடித்துவிட்டால், நடுவில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் மறந்துபோகும். அதனால் வெளியே வந்தவுடன் வரும் உற்சாகத்தை அப்படியே சொல்லுங்கள், ஆனால் "இப்பதான் பார்த்துட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த நாலு வரிக் குறிப்பை எடுத்துப் பார்த்து, அபிப்பிராயம் மாறியிருந்தால் அதையும் சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஒத்துப்போகாதவரிடம் "உனக்குப் புரியலை" என்று மட்டும் சொல்லாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எந்த இடத்துல உனக்கு விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். நல்ல சண்டை அப்புறம்தான் தொடங்கும். அவர் சொல்கிற காட்சி உங்களுக்கு மிகவும் பிடித்த காட்சியாகவே இருக்கும், பெரும்பாலும்.

படம் பார்க்கும்போது தூங்கிவிட்டிருந்தால் மறைக்க வேண்டாம். எந்த இடத்தில் கண் சொக்கியது, விழித்தபோது கதை புரிந்ததா என்று சொன்னாலே கேட்பவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சித்திக்கு மட்டும், தூங்கின நேரத்தில் யாரும் செத்துப்போகவில்லையே என்று வேறு யாரிடமாவது விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.