தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவது எப்படி?

தாத்தா இறந்து முப்பது ஆண்டுகள் கடந்திருக்கும். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். பேரன்கள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உழுதுகொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட குடும்பங்கள் இல்லாத ஊர் அரிது. பயிர்க்கடனுக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ விண்ணப்பிக்கும் நாள் வரை இதனால் எந்த இடைஞ்சலும் தெரிவதில்லை. அந்த நாளில் பதறிக்கொண்டு நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. பட்டா மாற்றம் இந்த வேலையின் கடைசிப் படி என்பதால், அதற்கு முன்னால் முடிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இருக்கும் காகிதங்களைத் திரட்டுங்கள்

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டாவின் நகல், ‘அ’ பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரியவர் பெயர், பரப்பு முதலியவை கொண்ட கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகிய மூன்றையும் புல எண்ணை, அதாவது சர்வே எண்ணை, கொடுத்துக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் அதே புல எண்ணுக்கான வில்லங்கத்தை, அதாவது அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, பாருங்கள். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம் வீட்டில் கிடைக்கவில்லை என்றால், அதன் பத்திர எண்ணும் ஆண்டும் தெரிந்தால் போதும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்றுவிடலாம்.

பட்டாவில் பரப்பு ஏக்கரில் இருக்காது; ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். ஆகவே 0.80.50 என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 1 ஏக்கர் 99 சென்ட். இந்தக் கணக்கைப் பழைய பத்திரத்தில் உள்ள பரப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக முக்கியம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் ஏராளம். அத்தகைய பிழை இருந்தால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக் கொடுத்து அதைத் திருத்திய பிறகே மேலே செல்ல வேண்டும். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, அது உரிமைமூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: வாரிசுகள் யார் என்பதை முடிவு செய்யுங்கள்

வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். தாத்தாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள் என்றால் இருவருக்கும் தனித்தனிச் சான்று தேவை. இந்து குடும்பத்தில் ஒருவர் தாம் சம்பாதித்த நிலத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. தமக்கு முன்பே இறந்துவிட்ட பிள்ளையின் பங்கு அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்குப் போகும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்கு விகிதம் வேறு.

பூர்விகச் சொத்தில்தான் சண்டை அதிகம். ‘கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, நிலத்தில் என்ன பங்கு?’ என்று பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள். தமிழ்நாடு 1989இலேயே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களைப் பங்காளிகளாக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணம் என்ற அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்ற ஆணை மூலமோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை மட்டும் இது கலைக்காது. அத்தைகளையும் அக்காமார்களையும் விட்டுவிட்டு எழுதும் பத்திரம் பிற்காலத்தில் வழக்காகத் திரும்பி வரும் என்பதால், அவர்கள் பங்கு வேண்டாம் என்று மனமொப்பிச் சொன்னால்கூட அதை விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாகப்பிரிவினைப் பத்திரம்

பிரிக்க விருப்பம் இல்லையென்றால், வாரிசுச் சான்றைக் கொண்டு எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா பெற்று, இந்தப் படியைத் தாண்டிவிடலாம். பிரிப்பதென்றால் பதிவு கட்டாயம். வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதி ஊர்ப் பெரியவர் கையெழுத்திட்ட கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய சீட்டு), அதுவே நிலத்தைப் பிரிக்கும் ஆவணமாக இருந்தால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்படாத வரை பிரிவினைக்குச் சான்றாகாது. குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உச்சவரம்புக்கு உட்பட்டவை. ஆகவே செலவுக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பங்குதாரர்களில் மைனர் இருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பத்திர எழுத்தர் பரப்பையும் நான்கெல்லையையும் கவனமாக எழுதிவிடுவார். அவர் அவசரத்தில் ஒரே வரியில் கடந்துபோகும் இடம் கிணறும் தடமும். என் உறவுக்காரர்கள் மூவரின் பத்திரத்தில் ‘கிணறு மூவருக்கும் பொது’ என்று மட்டும் இருந்தது. கிணறு அமைந்தது மூத்தவர் பாகத்தில். மோட்டார் அறைக்குப் போகும் வழி எவ்வளவு அகலம், குழாய் யார் வரப்பின் ஓரமாகப் போகும், தூர் வாரும் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுதப்படவில்லை. கடைசித் தம்பியின் கடலை காய்ந்த கோடையில்தான் அந்த ஒரு வரியின் போதாமை புரிந்தது. எனவே கிணற்றில் ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு, எந்த நாள் யார் முறை, மின் இணைப்பு எண் எது, அது யார் பெயரில் தொடரும், வாய்க்கால் எப்பக்கம் என்பவற்றை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். உள்ளே அமையும் பாகத்துக்கு ஆள், கால்நடை, வண்டி, டிராக்டர் போய்வரத் தடத்தின் அகலத்தை அடிக்கணக்கில் குறிப்பிட்டு, வரைபடமும் இணையுங்கள். எழுதாமல் விட்டாலும் வேறு வழியே இல்லாத நிலத்துக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் வழிவிடும். ஆனால் அதை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய நேரும்.

நான்காம் படி: உட்பிரிவும் பட்டாவும்

பதிவான பத்திரத்துடன் உட்பிரிவு வகைப் பட்டா மாறுதலுக்கு (புல எண்ணைப் பிரித்து ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் தருவது) இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். நில அளவர் வரும் நாளில் பங்காளிகள் எல்லோரும் வயலில் நிற்பது நல்லது. அவர் அளக்கும் எல்லை பத்திர எல்லையோடு பொருந்தாவிட்டால் அங்கேயே சொல்லி, எழுத்து மூலமாகவும் கொடுங்கள். கல் நட்ட பிறகு சொல்வது கடினம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் எழுதிய ஆணையைக் கேட்டுப் பெற்று, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. இருவருக்குள் உரிமையே யாருடையது என்பது தகராறாக இருந்தால் அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. வருவாய்த்துறை அதைத் தீர்க்க முடியாது.

புதிய பட்டா கைக்கு வந்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, அடங்கலில் (நிலவாரியாகப் பயிர் விவரம் எழுதும் கிராமக் கணக்கு) உங்கள் பெயரும் பயிரும் புதிய உட்பிரிவு எண்ணில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வருவாய்த்துறையின் கணக்காண்டான பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், அதையொட்டி நிலத்தீர்வையை உங்கள் பெயரில் கட்டி ரசீதைப் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள். கூட்டுறவுச் சங்கத்துக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் புதிய பட்டாவின் நகலைக் கொடுத்துப் பெயர் மாற்றச் சொன்னால் வேலை முடிந்தது.