சிகரெட் நிறுத்தும் ஆப்: நாலாம் நாளும் திறக்கிற மாதிரி அமைப்பது எப்படி?

ஆப்பை இறக்குவது ரெண்டு நிமிட வேலை. நாலாம் நாள் அதைத் திறக்கிறோமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் முதலில் போட்ட ஆப்பில், ஒன்பதாம் நாள் ஒரு தம் அடித்துவிட்டு உண்மையைப் பதிந்தேன். 9 சட்டென்று 0 ஆனது. அப்புறம் அதைத் தொடவே மனசு வரவில்லை.

படி 1: தேர்வு. தவறிப்போய் ஒன்று பிடித்தால் ஆப் என்ன செய்யும் என்று முதலில் பாருங்கள். பழைய கணக்கையும் வைத்துக்கொண்டு தொடர விடும் ஆப் நல்லது. ஆசை வரும்போது செய்ய ஏதாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2415 பேருக்கு இரண்டில் ஒரு ஆப் கிடைத்தது. ஆசையோடு சண்டை போடாமல் அதை வந்து போக விடப் பழக்கும் ‘ஐகேன்குவிட்’டைச் சராசரியாக 37 தடவைக்கு மேல் திறந்தார்கள், வழக்கமான அறிவுரை தரும் ‘குவிட்கைட்’டைப் பத்துத் தடவை. ஓராண்டு கழித்துக் கேட்டபோது, அதற்கு முந்தைய 30 நாள் புகைக்காமல் இருந்தவர்கள் முன்னதில் 28 சதவீதம், பின்னதில் 21.

படி 2: விலை. பல ஆப்கள் பாக்கெட்டுக்கு 20 சிகரெட் என்று வைத்திருக்கும். நம் ஊர்ப் பாக்கெட்டில் பெரும்பாலும் 10தான்; அதையும் உதிரியாகத்தான் வாங்குகிறோம். மாற்றிப் போடுங்கள். மிச்சப் பணம் தப்பாகக் காட்டினால் ஆப்பை யார் நம்புவார்கள்?

படி 3: நோட்டிபிகேஷன். இதில் அவசரப்படாதீர்கள். நிறுத்துவதற்கு முன் ரெண்டு நாள், எப்போது பற்றவைக்கிறீர்கள் என்று மட்டும் குறியுங்கள். எனக்கு 11 மணி டீ, சாப்பாட்டுக்குப் பின், சாயங்காலம் பஸ் ஸ்டாப். ஆகவே 10:55க்கு ஒன்று வைத்தேன். டீக்கடைக்குக் கிளம்பும்போது போன் அதிரும். எல்லா அறிவிப்பையும் விட்டுவைத்தால் மூன்றாம் நாளே மொத்தமாக அணைத்துவிடுவீர்கள்.

படி 4: இடம். ஆப் முகப்புத் திரையில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆசையின் உச்சம் சில நிமிடங்கள்தான். தேடுவதற்குள் தீப்பெட்டி கைக்கு வந்துவிடும்.

படி 5: ஆள். ஆப்பில் பேச ஆள் இல்லையென்றால் 1800-11-2356ஐ போனில் சேமியுங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம். தேட வேண்டாம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்.