செங்கோண முக்கோண மாடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் பி.எட். பயிற்சிக்கு நாலைந்து பேர் வருவார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிதாகரஸ் தேற்றம் எடுக்கச் சொன்னால் மறுநாளே கையில் ஒரு மாடலோடு வந்து நிற்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்து அச்சுப் பிசகாமல் திரும்ப நடக்கும். வர்க்கமூலம் எடுக்க மறப்பது போன்றவற்றைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெர்மாகோல்

வேண்டாம். இரண்டு பீரியடில் மூலை உதிரும். மூலை போனால் செங்கோணமும் போச்சு.

செங்கோண முக்கோணத்தை மட்டுமே காட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது. தண்ணீர் மாடலைப் பார்த்திருப்பீர்கள். அக்ரிலிக்கில் ஒரு செங்கோண முக்கோணம், மூன்று பக்கத்திலும் ஒரே ஆழத்தில் சதுரப் பெட்டிகள். சுழற்றினால் இரண்டு சின்னப் பெட்டியில் இருக்கும் நீலத் தண்ணீர் இறங்கிப் பெரிய பெட்டியைச் சரியாக நிரப்பும். கைக்காசு 2,500 ரூபாய் போட்டுச் செய்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள்கூட வந்து சுழற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதத் தேர்வில் ஒரு கேள்வி: 4, 5, 6 செ.மீ. பக்கமுள்ள முக்கோணம் செங்கோண முக்கோணமா? பாதி வகுப்புக்கு மேல் 'ஆம்'. ஒரு பையன் 16-ஐயும் 25-ஐயும் கூட்டி 41 என்று ஒழுங்காக எழுதி, பக்கத்தில் 36 போட்டு, 'கிட்டத்தட்ட சமம்' என்று முடித்திருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க காட்டினப்ப தண்ணி சரியா நின்னுச்சே சார்" என்றான்.

அவன்மேல் குற்றமே இல்லை. எந்த முக்கோணத்துக்கும் தண்ணீர் சரியாக நிற்கும் என்றுதான் அந்த மாடல் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சரியாக நிற்காத ஒரு முக்கோணத்தை நான் காட்டவே இல்லை. கோணம் மாறினால் என்ன ஆகும் என்று அந்த அக்ரிலிக் பெட்டியிடம் கேட்கவும் முடியாது, ஒட்டியது ஒட்டியதுதான். அப்புறம் அது ஒழுக ஆரம்பித்தது தனிக் கதை.

இப்போது நான் எடுத்துப்போவது 30, 40 செ.மீ. அளவில் இரண்டு மரச்சட்டம், ஒரு முனையில் போல்ட் நட்டு, மற்ற இரு முனைகளுக்கும் நடுவே பாவாடைக்குக் கோர்க்கும் எலாஸ்டிக். அவ்வளவுதான். அளவைச் சட்டத்தின் நுனியிலிருந்து எடுக்காமல் துளையின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். இரண்டின் வர்க்கங்கள் 900-மும் 1,600-மும் சேர்ந்து 2,500 என்று கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு, ஒரு பெண்ணைக் கூப்பிட்டு விரிக்கச் சொல்வேன். 60 பாகையில் எலாஸ்டிக் சுமார் 36 செ.மீ., வர்க்கம் 1,296. பத்தவில்லை. 120 பாகையில் சுமார் 61, வர்க்கம் 3,721. எகிறிவிட்டது. மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து 50 செ.மீ. வரும் இடத்தில் நிறுத்தி, மூலையில் மூலைமட்டத்தை வைக்கச் சொன்னால் கச்சிதமாக உட்காரும். கொத்தனார் 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பது எதற்கு என்று அந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குப் புரியும். அவர் பயன்படுத்துவது தேற்றத்தின் மறுதலை, அதாவது வர்க்கங்கள் சரியாகக் கூடினால் அந்தக் கோணம் செங்கோணம் என்பது. அந்தச் சொல்லை அன்றே சொல்லிவிடலாம்.

செங்கோணம் எப்போதும் இடப்பக்கக் கீழ்மூலையில்

திருப்பி வையுங்கள்.

முடிச்சுக் கயிறு

12 சம இடைவெளி வைத்த கயிற்றை 3, 4, 5 என்று இழுத்துப் பிடிப்பது அருமையான செயல்பாடு. ஆனால் முடிச்சு போடப் போட நீளத்தை முடிச்சே தின்றுவிடும். ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டாலே போதும். நைலான் இழுபடும், சணலே நல்லது.

போதாயனர் பெயரில் உலவும் சூத்திரம்

நீளப் பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒன்றைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். பழங்காலக் கணித அறிஞர் போதாயனர் சொன்னது என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறையாவது வருகிறது. 3, 4-க்கு 5 வரும், 5, 12-க்கு 13 வரும். வகுப்பே வாய் பிளக்கும். 8, 15-க்குப் போட்டுப் பாருங்கள்: 17 வராது, 17.125 வரும். இரண்டு பக்கமும் 10 என்றால் 14.14-க்குப் பதில் 13.75. தோராயம் என்று சொல்லிக் காட்டினால் சுவையான விளையாட்டு. சொல்லாமல் விட்டால் தேர்வுத்தாளில் வந்து நிற்கும், நான் திருத்தியிருக்கிறேன்.

பெவிகால்

14 செ.மீ. சதுரச் சட்டத்துக்குள் 6, 8 அளவில் நான்கு செங்கோண முக்கோண அட்டைகளை மூலைக்கு ஒன்றாக வைத்தால் நடுவில் 100 சதுர செ.மீ. காலியாக இருக்கும். அதே அட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒதுக்கினால் 36-ம் 64-மாக இரண்டு சதுரம் காலி. அட்டைகள் நகர்ந்தால்தான் இது நடக்கும். போன வாரம் ஒருவர் நான்கையும் அழகாக ஒட்டிக்கொண்டு வந்தார்.