சரிவு நிலத்தில் கல் தடுப்புச் சுவர்: மூன்றாவது பனிக்காலத்தில் தெரியவரும் தவறுகள்

போன கோடையில், கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு வீட்டுப் பின்வளவில் இரண்டு இளைஞர்கள் கல் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொருத்தினார்கள். அடுக்கு அவ்வளவு அழகு. ஆனால் தோண்டி எடுத்த களிமண்ணையே சுவருக்குப் பின்னால் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான். கூப்பிட்டுச் சொன்னேன். "வேலை முடியப் போகுது அண்ணை, இனி எப்படிக் கழட்டுறது?" என்றார்கள்.

கல் மூட்டு ஒன்றின் மேல் ஒன்று வரக்கூடாது, அடிக்குப் பெரிய கல் வேண்டும் என்பதெல்லாம் கட்ட வருகிற எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுவது

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்குப் பருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். சுவரைத் தள்ளுவது அது மட்டும் என்றால் பிரச்சினை சிறியது. வண்டல் கலந்த களிமண் உறையத் தொடங்கியதும், கீழே உறையாமல் இருக்கிற ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்த தண்ணீர் மண்ணுக்குள் மெல்லிய பனித்தகடுகளாகப் படிந்து தடிக்கும். இருந்த தண்ணீர் பருத்தது கொஞ்சம், வந்து சேர்ந்த தண்ணீர் அதைவிட அதிகம்.

டொராண்டோ பக்கத்தில் குளிர் நிலத்துக்குள் 1.2 மீட்டர் வரை இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறோம். அது மேலிருந்து கீழே இறங்குகிற குளிர். தடுப்புச் சுவருக்கு முகமும் வெளியே திறந்திருக்கிறது. கல்லின் வழியாகக் குளிர் பக்கவாட்டிலும் நுழைகிறது. அதனால் பனித்தகடுகள் சுவருக்கு இணையாக நின்று வளர்ந்து, கல்லை நேராக வெளியே தள்ளுகின்றன. பனி கரைந்தால் கல் பின்னால் போகாது. வந்த இடைவெளியில் சேறு இறங்கி அடைத்துக்கொள்ளும், அடுத்த உறைவு அங்கிருந்து தள்ளும். இந்த ஊரில் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் உறைவதும் இளகுவதும் பல தடவை நடக்கும்.

என் முதல் சுவர் 4 அடி உயரம், 30 அடி நீளம். ஓடைப் பக்கம் சரிகிற வளவு. களிமண்ணை ஏற்றி அனுப்பவும் வேண்டும், அதற்குப் பதிலாகப் பின்னால் போட உடைகல் சல்லியைக் காசு கொடுத்து இறக்கவும் வேண்டும். வீட்டுக்காரர் செலவைக் குறைக்கச் சொன்னார். முடியாது என்று சொல்ல வேண்டியது நான். சரி என்று சொன்னேன். முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மார்ச்சில் நடுவே ஒரு கை அளவு வயிறு தள்ளியிருந்தது. மூன்றாவது வருடம் மேல் வரிசை புல்லில் கிடந்தது. பின்பக்கத்தை வெட்டியபோது களிமண்ணுக்குள் பனி தகடு தகடாக நின்றது. சுவர் முழுவதையும் கழற்றி, மண்ணை வெளியேற்றி, மறுபடி கட்ட ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்கும் நான் கூலி கேட்கவில்லை. மிச்சம் பிடித்தது இரண்டு லோடு சல்லி.

சுவரின் முழு உயரத்துக்கும் பின்னால் குறைந்தது ஒரு அடி அகலத்துக்குத் தூள் இல்லாத முக்கால் அங்குலச் சல்லி போடுங்கள். இங்கே கிளியர் ஸ்டோன் என்று கேட்டால் தருவார்கள். தூள் கலந்த கிரானுலர் ஏ என்ற சல்லி அடித்தளத்துக்கு நல்லது, பின்னால் போடாதீர்கள். தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். களிமண்ணுக்கும் சல்லிக்கும் இடையில் நெய்யாத வடிதுணி விரியுங்கள். இல்லாவிட்டால் சில வருடத்தில் களி சல்லிக்குள் இறங்கி, மறுபடி பழைய கதைதான். அடியில் 4 அங்குலத் துளைக்குழாய், கொஞ்சம் சரிவாக. அதன் வாய் கட்டாயம் வெளியே திறந்திருக்க வேண்டும். வாயை மண்ணுக்குள் விட்டுவிட்ட குழாய்களை நான் எத்தனையோ தோண்டி எடுத்திருக்கிறேன், நிறையத் தண்ணீரோடு. மேல் அரை அடியைத் துணி போட்டு மேல்மண்ணால் மூடுங்கள்.

"கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏன் இவ்வளவு காசு?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பின்னால் இருக்கிற அந்த ஒரு அடியும் சுவர்தான்.

சாந்து வைத்தால் உறுதி என்று நம்புவது

பிறந்த ஊரில் சுண்ணாம்புக்கல் மதில் கட்டிப் பழகிய மேசன்மார் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். அங்கே மண் உறைவதில்லை. இங்கே சாந்து வைத்த சுவருக்கு நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர் சிறிது அசைந்து கொடுத்து அமரும். அதற்கு, இயந்திரத்தால் நன்றாக இறுக்கிய அரை அடிச் சல்லித்தளம் போதும். அடி வரிசை மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும்.

நிமிர்த்திக் கட்டுவது

ஒரு அடி உயரத்துக்கு ஒரு அங்குலமாவது சுவர் மேட்டுப் பக்கம் சாய வேண்டும்.

கூரைப் பீலித் தண்ணீர்

சுவருக்குப் பின்னால் விடாதீர்கள்.

கேட்காமல் தோண்டுவது

எரிவாயுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் தோண்டுமுன், நிலத்தடிக் குழாய்கள் இருக்கிற இடத்தைக் குறிக்க ஏற்பாடு செய்கிற ஒன்டாரியோ ஒன் கால் அமைப்புக்கு அறிவிப்பது சட்டம், வீட்டுக்காரருக்குச் செலவில்லை. பொது நிலத்துக்கோ வீட்டு வாசல் வழிக்கோ பக்கத்தில் 1 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் கட்டட அனுமதி வேண்டும். பள்ளத்தாக்கை ஒட்டிய வளவு என்றால் நீர்நிலைப் பாதுகாப்பு ஆணையத்தையும் கேளுங்கள்.

நவம்பரில் தொடங்குவது

உறைந்த மண்கட்டியை எந்த இயந்திரத்தாலும் இறுக்க முடியாது. வசந்தத்தில் அது இளகும்போது தளம் இறங்கிவிடும். அந்த மாதத்தில் வருபவர்களை மே மாதம் வரச் சொல்கிறேன். கல்லை மட்டும் அப்போதே வாங்கி வெளியில் போட்டு வைக்கலாம். பனிக்காலம் முடியும்போது தகடு தகடாக உரியத் தொடங்கிய கற்களை ஒதுக்கிவிட்டு மீதியில் கட்டலாம்.