யூதப் பள்ளி மாணவர் தலைவர்கள் தொண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க யூதப் பள்ளி ஒன்றில் மாணவர் மன்றத்தின் தொண்டு வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பொறுப்புக்கு வரும் பிள்ளைகள், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சனிக்கிழமை நிகழ்ச்சி வைக்காதே, கோஷர் இல்லாத, அதாவது யூத உணவு விதிக்கு ஒத்துவராத பண்டம் கொண்டுவராதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

வாசலில் மணி அடிப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வாராந்தர ஓய்வுநாளான ஷபாத்துக்கு முன்னால், பெரும்பாலும் வியாழன் இரவு, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உணவுப்பெட்டி கொண்டுபோவது பல ஊர்களில் வழக்கம். கோழி, ஹல்லா ரொட்டி, திராட்சைச் சாறு, காய்கறி. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட வேண்டும். எங்கள் பையன்கள் ஒரு முறை மணியை அடித்துவிட்டு, பள்ளிப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு சிரித்தபடி நின்றார்கள், ஒருவன் படம் எடுக்க போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். கதவைத் திறந்தது எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். பெட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினாள். மறுவாரம் அவள் அம்மா, இனிமேல் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தேவை அப்படியேதான் இருந்தது.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஜெப ஆலயத்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்காரும் சமூகம் இது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் தர்மத்தை 8 படிகளாகப் பிரித்தபோது, ஒருவரையொருவர் அறியாமல் கொடுத்து வாங்குவதை மேலிருந்து இரண்டாவது படியில் வைத்தார். எருசலேம் ஆலயத்தில் இருந்த இரகசிய அறையைத்தான் அதற்கு உதாரணமாகச் சொல்கிறார்: கொடுப்பவர்கள் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போவார்கள், நல்ல குடும்பத்து ஏழைகள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். பரீட்சையில் இதை அழகாக எழுதும் பிள்ளைகள், பெட்டியைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே பெயர்ப் பட்டியல் மாணவர் கைக்கே போகக் கூடாது. சக மாணவர் வீடு இருக்கும் தெருவுக்குப் பெரியவர்களே போகட்டும், போன் காரிலேயே கிடக்கட்டும். படம் வேண்டுமென்றால் பெட்டி கட்டும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்காவுக்கு முன் அலமாரியைக் காலி செய்வது

பஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால், பாஸ்தா, பிஸ்கட் எல்லாம் நம் சேகரிப்புப் பெட்டியில் வந்து விழும். அதை யூத உணவு வங்கிக்கு அனுப்பினால், அவர்களுக்கும் அதே பஸ்காதானே! பொது உணவு வங்கிக்கு அனுப்புங்கள். யூதக் குடும்பங்களுக்குப் பணமாகத் திரட்டுங்கள். மாவோத் ஹித்தீம் என்று பஸ்காவுக்கு நிதி சேர்க்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது.

பூரிம் காசு

பூரிம் பண்டிகைக்கு ஏழைகளுக்கென்று திரட்டும் காசு அன்றே, குறைந்தது 2 ஏழைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த வாரம் செக் எழுதுவது கணக்கில் வராது.

முதியோர் இல்லம்

ஹனுக்கா பண்டிகைக்கு மட்டும் போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள், மற்ற நாட்களிலும் போங்கள்.

ஜூனில் பள்ளியை முடித்துப் போகும் தலைவர்

தொடர்பு எண்கள் எல்லாம் அவர் போனோடு போய்விடும். மே மாதமே அடுத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உணவு வங்கியில் யாரிடம் பேசுவது, வேன் சாவி யாரிடம் இருக்கும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது வரை எழுதி வாங்கிவிடுங்கள்.